சோத்தாங்கைப் பக்கம்

பிப்ரவரி 24, சனி

இந்த டைரி மாட்டுத் தடுப்பூசி விற்கிற ஒரு கம்பெனி என் மகள் மேகலைக்குக் கொடுத்தது. அவள் என் தலையில் கட்டிவிட்டாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூலையில் ஒரு பசு நின்று என்னையே பார்க்கிறது. கடைசியில் சினைக் கணக்கு அட்டவணை வேறு. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான டைரி அமையாது.

ஜனவரி முழுக்கப் பசுதான் என்னைப் பார்த்தது, நான் அதைத் திறக்கவில்லை. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. மேகலைக்கு அரசாங்க உத்தரவு வந்துவிட்டது. வால்பாறைக்கு மேலே எஸ்டேட் பக்கம், கால்நடை மருத்துவர் வேலை. மார்ச் 11, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். கடிதத்தில் 'டாக்டர் ஆ. மேகலை' என்று இருந்தது. அந்த 'ஆ' நான்தான். சிங்காநல்லூரில் முப்பத்தொரு வருஷம் மில் ஃபிட்டராக இருந்த ஆறுச்சாமியின் ஆ. அதை மட்டும் நாலு தடவை கண்ணாடி போட்டுப் படித்தேன்.

சம்மதக் கடிதத்தில் மேகலை கையெழுத்துப் போட்டாள். இடது கைக்காரி, மை காய்வதற்குள் கை தேய்த்து எழுத்தில் ஒரு மேகம் பரவிவிட்டது. மறுபடி ஒரு தாள் எடுத்தாள்.

நம் வெள்ளைக் காரை அவளே மலைக்கு ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். எஸ்டேட்டில் மாடு கன்று போட பஸ் வரும்வரை காத்திருக்காதாம். என் வீட்டுக்காரி வசந்தாமணி ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது கொண்டை ஊசி வளைவு. தனியா ஒரு பொம்பளப் புள்ள, பழைய வண்டி. பஸ்ஸுல போகட்டும்" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "வண்டிக்கு நான் பொறுப்பு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த 'ஆ'வின் மயக்கமாக இருக்கலாம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையில் மேகலை காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சூலூர் வரை போனோம். அங்கே ஒரு நாய் பூனை ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தற்காலிக வேலை. வரும் மார்ச் ஐந்தோடு முடிகிறது.

"கேக்குதுங்களாப்பா?"

"என்னது?"

"சத்தமுங்ப்பா. அறுபதுல போனா ஊளையாட்ட வருது. முன்னாடி வீல்ல. சோத்தாங்கைப் பக்கம்."

நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மில்லில் மேனேஜர் முன்னால் நிற்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஆமா ஆமா. நல்லாக் கேக்குது. பேரிங்தான்."

பேரிங் என்றால் சக்கரம் இழுபடாமல் உருள்வதற்கு உள்ளே இருக்கிற குண்டு வளையம். அது என் சொந்தச் சரக்கு. மில்லில் ஆயிரக்கணக்கில் மாற்றியிருக்கிறேன். மெஷின் ஓடும்போதே ஸ்க்ரூடிரைவர் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் போதும், எந்த பேரிங் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று சொல்லிவிடுவேன். 'பேரிங் காது' என்பது அங்கே என் பட்டப்பெயர்.

வீட்டுக்கு வந்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தைக் கையால் சுற்றி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்து ஸ்க்ரூடிரைவருக்கு மரப் பிடி. இதற்கு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் சத்தம் ஏறாது.

வசந்தாமணி வாசலில் வந்து நின்று தீர்ப்பு சொன்னாள்: "அந்தச் சத்தம் நிக்கட்டும், அப்பறம் காரு. நிக்கலீன்னா பஸ்ஸு. சாமி மேல ஆணையாச் சொல்றேன்."

பிப்ரவரி 28, புதன்

பருப்பு தீய்ந்துவிட்டது. மூன்று விசில் வந்ததும் அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு வசந்தாமணி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அடுப்புக்கு எதிரிலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. குக்கர் பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.

பேரிங் வாங்கி வந்தாயிற்று.

மார்ச் 1, வெள்ளி

இன்று வலது சக்கரத்தைக் கழற்றினேன். மேகலை வேலைக்குப் போய்விட்டாள். உதவிக்கு வசந்தாமணி.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். தூக்கியபிறகு திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். வசந்தாமணியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த சீட்டில் உட்கார்ந்தது முதல் தடவை. கண்ணாடியில் முகம் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள்.

"மிதி!"

அவள் ஏதோ சொன்னாள்.

"மிதி புள்ள!"

எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "அப்பப் புடிச்சு மிதிச்சுட்டுத்தானுங் இருக்கறேன்! நூறு தடவை சொல்லோணுமா?"

இந்த வீட்டில் எல்லோரும் முதலில் முணுமுணுக்கிறார்கள், பிறகு கத்துகிறார்கள். நடுத்தரமாகப் பேசவே தெரியவில்லை.

நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் மாட்டி நீட்டுவதற்கு ஒரு குழாய் தேவைப்பட்டது. துணி காயப்போடும் கொடிக் குழாயை உருவினேன். அதிலிருந்த ஈரத்துணிகளை மரியாதையாகச் செம்பருத்திச் செடிமேல் போட்டேன். குழாயின் நுனியில் என் எண்பத்திரண்டு கிலோவையும் ஏற்றித் தொங்கினேன். திடீரென்று தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வசந்தாமணி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "டொக்குனு வெடிச்சாட்ட சத்தம் வந்துச்சே! எதாச்சும் ஒடஞ்சுபோச்சுங்களா? உங்குளுக்கா, வண்டிக்கா?"

"நட்டு கழண்டுருச்சு" என்றேன். எனக்கு அது கையில் தெரிந்தது.

பிறகு எல்லாம் சுலபம். பிரேக் பெட்டியைக் கழற்றி, அதன் ரப்பர் குழாயில் பாரம் விழாமல் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கட்டையை மொத்தமாக வெளியே எடுத்தேன். மெக்கானிக் கடையில் இரண்டு மணி நேர வேலை. எனக்கு ஆறரை. நடுவில் சாப்பாடு, ஒரு தூக்கம், ஒரு போல்ட்டைத் தேடியது எல்லாம் சேர்த்து. போல்ட் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆனாலும் சொல்கிறேன், ரிட்டையர் ஆகி நாலு வருஷம் கழித்து மறுபடி கையில் கிரீஸ் வாசம். சோப்புப் போடாமலே சாப்பிட உட்கார்ந்து திட்டு வாங்கினேன்.

மார்ச் 2, சனி

பேரிங்கை அடித்துக் கழற்றக் கூடாது, அழுத்தித்தான் கழற்ற வேண்டும். இரும்புக் கட்டையைச் சாக்கில் சுற்றி லேத்து பட்டறை தேவராஜிடம் எடுத்துப் போனேன். பெரிய பிரஸ் வைத்திருக்கிறான். மில்லில் எனக்கு அடுத்த ஷிப்ட்டில் இருந்தவன்.

வைத்ததும் அதை விரலால் சுற்றிப் பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, இது பட்டாட்டம் ஓடுதே? இதைய எதுக்கு மாத்தறீங்?"

"வெளிய பாத்தா எல்லாருந்தான் நல்லவன். ஓட்டத்துல ஊளையிடுது."

"நீங்களே கேட்டீங்களா?"

"பின்ன ஊருக்காரனா வந்து கேப்பான்?"

"பேரிங் காது சொன்னா அப்பீல் ஏதுங்ண்ணா" என்று பிரஸ்ஸில் வைத்தான். பழையது வெளியே வந்தது. சுற்றிலும் பார்த்தேன். தேய்மானம் இல்லை, நிற மாற்றம் இல்லை. சில பேரிங்குகள் சாகும்வரை முகத்தில் காட்டாது. அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் எழுதுகிறேன், நம்பினேன் என்று எழுதவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, தண்ணீர் அடித்துக் கழுவி, டயருக்குப் பொட்டும் வைத்துவிட்டேன். மேகலை வந்தபோது கார் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"சோத்தாங்கைப் பக்கந்தான மாத்துனீங்?" என்று கேட்டாள்.

"பின்ன?" என்றேன்.

மார்ச் 3, ஞாயிறு

ஓட்டிப் பார்த்தோம். அறுபதில் போனாள். எண்பதில் போனாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் வருதுங்ப்பா" என்றாள்.

"வரலியே. சுத்தமாப் போயிருச்சே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

"புது பேரிங் கண்ணு. ஒரு நூறு கிலோமீட்டர் ஓடுனாத்தான் பழகும்" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் எந்த பேரிங்கும் பழகி நான் பார்த்ததில்லை.

வீட்டில் வசந்தாமணி கேட்டாள்: "சத்தம் நின்னுதுங்களா?"

"நின்னுருச்சு" என்றேன். மேகலை உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 4, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. நாற்பது வளைவு.

மார்ச் 6, புதன்

நேற்றோடு சூலூர் வேலை முடிந்து மேகலை இன்று வீட்டில் இருந்தாள். மத்தியானம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம். அவள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, ஏதோ பேச்சு வந்ததால் கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற கைதான். சோறு இடது கையில் இருந்தது.

இங்கே ஒரு பழைய கதை எழுத வேண்டும். மேகலை ஒன்றாம் வகுப்பில் இடது கையால் எழுதினாள், இடது கையால் சாப்பிட்டாள். நொரட்டாங்கையால் சாப்பிட்டால் விளங்காது என்று அவள் டீச்சர் அந்தக் கையைப் பாவாடை நாடாவில் கட்டி உட்கார வைத்துவிட்டார். மறுநாள் நான் மில்லுக்கு லீவு போட்டு, எண்ணெய்ச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படித்தவர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அன்றைக்கு வந்துவிட்டது: "சோறு திங்கற கைதானுங் டீச்சர் சோத்தாங்கை? என்ற புள்ளைக்கு இந்தக் கைதான் சோத்தாங்கை. கட்டறதா இருந்தா அந்தக் கையக் கட்டுங்." டீச்சர் அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மேகலையின் சோத்தாங்கை என்றால் இடது கை. செருப்பு மாட்டும்போதும், சைக்கிள் ஓட்டப் பழகும்போதும் அவளுக்கு நான் அப்படித்தான் பக்கம் சொல்லிக் கொடுத்தேன்.

"அம்மிணி, சத்தம் சோத்தாங்கைப் பக்கம்னு சொன்னியே, எந்தப் பக்கம்?"

அவள் சோற்றோடு இடது கையை உயர்த்திக் காட்டினாள். "இதானுங்ப்பா. நீங்கதான பேரு வெச்சீங்." பிறகு அவள் முகம் மாறியது. "அய்யோ. நீங்க எதைய மாத்துனீங்?"

நான் என் கையைக் காட்டினேன். அதிலும் ரசம்தான் இருந்தது.

முதலில் சிரித்தது வசந்தாமணி. புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "நல்ல சக்கரத்தைக் கழட்டி, நல்ல பேரிங்கைத் தூக்கி எறிஞ்சு, அதுக்கு என்ற கொடிக் குழாய வேற வளைச்சு..."

மேகலை சிரிக்கவில்லை. "அப்ப, கேக்குது கேக்குதுன்னு சொன்னீங்களே. எந்தப் பக்கம் இருந்துங்ப்பா கேட்டுது?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

சாப்பிட்டதும் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனாள். முன்பக்கத்தை அவளே தூக்கினாள். தன் பையிலிருந்து மாட்டு நெஞ்சில் வைக்கிற குழாயை எடுத்தாள். நான் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குழாயின் இரண்டு முனைகளையும் என் காதில் மாட்டி, வட்டத்தை வலது பக்க இரும்பில் வைத்து, சக்கரத்தைச் சுற்றினாள். காற்று மாதிரி ஏதோ லேசாகப் போனது. அது நான் போட்ட பேரிங்.

பிறகு இடது பக்கம் வைத்துச் சுற்றினாள்.

கரகரவென்று இருந்தது. யாரோ தூரத்தில் திரிகையில் காய்ந்த சோளம் அரைக்கிற மாதிரி. ஒரு குண்டு செதில் விட்டிருக்கிறது, ஓடுபாதையில் ஒரே இடத்தில் தட்டுகிறது, இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாங்காது. அத்தனையும் எனக்குத் தெரிந்தது. பேரிங் காது செத்துப்போகவில்லை, அதற்கு வழிதான் அடைத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தாத, சுத்து" என்றேன். ரொம்ப நேரம் சுற்றினாள்.

குழாயைக் கழற்றாமலே கேட்டேன், "எத்தனை நாளாத் தெரியும்?"

அவள் வட்டத்தைத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசினாள். அவள் குரல் இத்தனை கனமாக இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. "ரண்டு மூணு வருசமாவே தெரியுமுங்ப்பா. அம்மாளுக்கும் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தம். மாட்டுக்கெல்லாம் காது பாக்கறேன். உங்குளுக்குப் பாக்க மாட்டனா?"

"நான் என்ன மாடா?"

"மாடு பொய் சொல்லாதுங்ப்பா."

மழை குறைந்துவிட்டது, காக்காய்கள் எங்கேயோ போய்விட்டன, குக்கர் கெட்டுவிட்டது என்றெல்லாம் நான்பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லில் நூல் நூற்கிற ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுற்றுகிற ஹாலில் முப்பத்தொரு வருஷம், காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சு மில்லில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. காதை மூடினால் பேரிங் பேசுவது கேட்காதே என்று வைக்கவில்லை.

இது வரை எழுதிவிட்டேன். பசு பார்த்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 9, சனி

இடது பக்கம். இந்தத் தடவை நான் தொடவில்லை.

மேகலை என் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சாமானை எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் ஸ்பேனரைப் பிடித்து அவள் இழுக்கும்போது, எனக்குத் தலைகீழாகப் படம் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பக்கத்துச் சந்தில் சுவர் இடிக்கும். என் வலது கைக்கு அங்கே வீச இடமே இருந்திருக்காது. அவள் கைக்கு அளந்து வைத்த மாதிரி இருந்தது. வளைந்த கொடிக் குழாயைப் போட்டு ஒரே இழுப்பு. நட்டு விட்டது.

"சத்தம் கேட்டுதுங்களாப்பா?"

"இல்ல."

"டொக்குன்னுச்சு."

"செரி" என்றேன். சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை.

போல்ட்டுகளை அவள் கழற்றிய வரிசைப்படியே ஒரு தட்டத்தில் வைத்தாள். ஆபரேஷன் பழக்கமாம். நான் சட்டைப் பையில் போட்டுத் தேடியதை அவளிடம் சொல்லவில்லை, வசந்தாமணி சொல்லிவிட்டாள்.

பட்டறையில் தேவராஜ் கட்டையைச் சுற்றினான். அதன் அதிர்வு அவன் கைவரைக்கும் ஏறியது. "இதானுங்ண்ணா திருடன்! அன்னிக்குக் கொண்டாந்தது சாட்சி போல."

"அன்னிக்கு எனக்குக் காது கேக்கலைடா" என்றேன். அவன் பிரஸ்ஸின் கைப்பிடியை விட்டான். பிறகு என் காதருகே வந்து, "எனக்கும் ஒரு பக்கம் போச்சுங்ண்ணா, ஊட்டுல தெரியாது" என்றான். அவன் ரகசியமாகச் சொல்லியிருப்பான், எனக்குக் கேட்டதால் பட்டறை முழுக்கக் கேட்டிருக்கும்.

மூன்றே முக்கால் மணி நேரத்தில் சக்கரம் மாட்டியாயிற்று. என் ஆறரையை இனி வெளியே சொல்ல முடியாது. ஓட்டிவிட்டு வந்தாள். வாசலில் வசந்தாமணி, இடுப்பில் கை வைத்து, என்னிடம்தான் கேட்டாள்.

"சத்தம் நின்னுதுங்களா?"

"எனக்குத் தெரியாது. எனக்குக் கேக்காது. மேகலையக் கேளு."

வசந்தாமணி மேகலையிடம் கேட்கவே இல்லை. "போன வாரம் நின்னுருச்சுன்னு சொன்னீங்க, நான் நம்புல. இப்ப நம்பறேன். புள்ள காருலயே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, வழிக்குப் புளிச்சோறு கட்ட உள்ளே போனாள்.

மார்ச் 10, ஞாயிறு

காலை ஆறரைக்குக் கிளம்பினாள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். "ஆழியாறு வரைக்கும் வரட்டுமா?" என்றேன். "திரும்பி எப்படி வருவீங்? பஸ்லயா?" என்று சிரித்தாள். வாசலில் நின்று கையாட்டினோம். அவள் ஜன்னல் வழியாகச் சோத்தாங்கையை நீட்டி ஆட்டினாள். டிரைவர் ஜன்னல் வலது பக்கம் என்பதால் உடம்பையே குறுக்கே திருப்பிக் கையை நீட்ட வேண்டியிருந்தது. அப்படி ஆட்டாதே, ரோட்டைப் பார் என்று கத்தினேன்.

காது டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை போவதாக மேகலைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தக் காது மோசம் என்று கேட்டால் கையைத் தூக்கிக் காட்டிவிடுவேன். வாயால் பக்கம் சொல்வதாக இல்லை.

பதினொன்றே காலுக்கு போன் வந்தது. வசந்தாமணி எடுத்து என் காதில் வைத்தாள்.

காற்றுச் சத்தம். நடுவில் அவள் குரல்.

"என்ன கண்ணு? கேக்குல. இன்னொருக்காச் சொல்லு" என்றேன். இந்த மூன்று வருஷத்தில் நான் இந்த வார்த்தையைச் சொன்னது முதல் தடவை. பக்கத்தில் வசந்தாமணி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

மறுபடி சொன்னாள். பாதி விளங்கவில்லை.

"இன்னொருக்கா."

மேகலை வண்டியை விட்டு இறங்கிவிட்டாள் போல, மலையே கேட்கிற மாதிரி கத்தினாள்: "நாப்பது வளைவும் ஏறிட்டேனுங்ப்பா! வீலு ரண்டும் சத்தமே இல்ல! நீங்க மாத்துனதும் சரி, நான் மாத்துனதும் சரி!"

இது எனக்கு முழுசாகக் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"கேக்குல கண்ணு, இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.